அறியாமையின் விலை: அமெரிக்கப் பழைய காமிக்ஸ் வணிகத்தின் கணக்கு

2013-ல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், எல்போ லேக் என்ற சிற்றூரில், பழைய வீடு ஒன்றைப் பத்தாயிரத்துச் சொச்சம் டாலருக்கு வாங்கிய ஒருவர் அதன் சுவரை இடித்துக்கொண்டிருந்தார். குளிரைத் தடுக்கச் சுவருக்குள் திணித்திருந்த பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழ் கிடைத்தது. 1938-ல் சூப்பர்மேன் முதன்முதலாகத் தலைகாட்டிய இதழ் அது. அதை யார் கையில் வைத்திருப்பது என்று உறவினர்களுக்குள் நடந்த இழுபறியில் பின் அட்டை கிழிந்தது. தரமதிப்பீட்டில் பத்துக்கு ஒன்றரைதான் கிடைத்தது. அப்படியும் ஏலத்தில் 1,75,000 டாலருக்குப் போனது. அந்தக் கிழிசல் ஒன்றால் மட்டும் 75,000 டாலர் போயிருக்கும் என்று ஏலத்தை நடத்தியவர்கள் சொன்னார்கள்.

இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் பழைய காமிக்ஸ் வாங்கி விற்கும் ஆசை சிலருக்குத் துளிர்க்கும். பரணில் புதையல் கிடக்கிறது, தெரியாதவரிடம் வாங்கித் தெரிந்தவரிடம் விற்றால் போதும் என்பது அவர்கள் போடும் கணக்கு. அந்தக் கணக்கு ஒரு காலத்தில் சரியாகவே இருந்தது. விற்பவருக்குத் தெரியாத ஒன்று வாங்குபவருக்குத் தெரிந்திருந்தது. வியாபாரியின் உண்மையான முதல் பணமல்ல, அந்த இடைவெளிதான். கடந்த ஐம்பத்துச் சொச்சம் ஆண்டுகளில் அந்த இடைவெளியை மூன்று பேர் வந்து அடைத்துவிட்டார்கள்: முதலில் விலைக் கையேடு, பிறகு இணைய ஏலம், அதன்பின் தரச்சான்று நிறுவனம். இன்று சிறு முதலோடு இறங்குபவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் உழைப்புக்கான கூலிதான். கூலி தாழ்ந்ததல்ல. புதையல் என்று நினைத்து வந்தவருக்குத்தான் அது ஏமாற்றமாக இருக்கும்.

பத்து சென்ட்டுக்கு விற்ற தாள் எப்படி அரிய பொருளானது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். இந்தத் தொழிலில் பலர் பணத்தை இழந்ததற்குக் காரணம் அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டதுதான். ஆக்‌ஷன் முதல் இதழ் சுமார் 2,00,000 பிரதிகள் அச்சானது. இன்று மிஞ்சியிருப்பவை நூறு அளவில் இருக்கும் என்று இத்துறையினர் மதிப்பிடுகிறார்கள். மற்றவற்றை யாரும் காப்பாற்ற நினைக்கவில்லை. சிறுவர்கள் சுருட்டிக் கால்சட்டைப் பையில் செருகினார்கள், கைமாற்றினார்கள், கிழித்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது நடந்த பழைய காகிதத் திரட்டலில் மூட்டை மூட்டையாகக் கூழுக்குப் போயின. 1948-ல் நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டனில் பள்ளி மாணவர்களே காமிக்ஸைக் குவித்துக் கொளுத்தினார்கள். 1954-ல் மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்த்தம், காமிக்ஸ் பிள்ளைகளைக் குற்றத்தில் தள்ளுகிறது என்று ஒரு புத்தகம் எழுதினார். அதே ஆண்டு செனட் துணைக்குழு விசாரித்தது. பயந்துபோன பதிப்பாளர்கள் தாங்களே ஒரு தணிக்கை விதித்தொகுப்பை உருவாக்கிக்கொண்டார்கள். பிள்ளை வெளியூர்ப் படிப்புக்குப் போனதும் அவன் அறையைக் காலிசெய்த அம்மாக்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டார்கள். அதற்கும் தப்பியவற்றைத் தாளே தின்றது. மலிவான மரக்கூழ்த் தாளில் இருக்கும் லிக்னின் வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுப்பேறி, அமிலமாகி, கடைசியில் தாளை அப்பளம்போல் நொறுக்கிவிடும்.

ஆகவே அருமை என்பது அலட்சியத்தால் விளைந்தது. காக்க வேண்டிய பொருள் என்று எல்லோருக்கும் தெரிந்தபின் அச்சான எதுவும் அந்த அளவுக்கு அரிதாகிவிடாது. இந்த எளிய உண்மையை 1990-களில் ஒரு தொழிலே மறந்தது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பழைய காமிக்ஸ் விற்பனை அதற்கு வெகு முன்பே இருந்தது. கான்சாஸ் மாநிலத்தின் கான்கார்டியாவில் ‘பாப்’ ஹாலிங்கர் என்பவர் 1930-களின் இறுதியிலிருந்து பழைய இதழ்களை வாங்கி விற்றார். பல கை மாறிய இதழ்கள் சீக்கிரம் பிய்ந்துவிடும் என்பதால் முதுகில் நாடா ஒட்டி, கூடுதலாகப் பின் அடித்து, அழுத்திச் சமன்செய்து கொடுத்தார். படிக்க வாங்கியவர்களுக்கு அது நல்ல சேவை. இன்றைய சேகரிப்பாளர் அதே நாடாவைச் சேதம் என்று எழுதி விலையைக் குறைக்கிறார். வாடிக்கையாளர் படிப்பவரா, சேர்ப்பவரா என்பதைப் பொறுத்து ஒரே கைவேலை லாபமாகவும் நட்டமாகவும் ஆகிறது.

சேர்ப்பவர்கள் ஒரு கூட்டமாகத் திரண்டது 1960-களில். கடிதம்வழி விற்றவர்கள் தட்டச்சு செய்த பட்டியல்களை அனுப்பினார்கள். 1968-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கேரி ஆர்லிங்டன் காமிக்ஸுக்கென்றே ஒரு கடையைத் திறந்தார். அக்காலத்தில் விலை என்பது ஆளைப் பார்த்துச் சொல்வது. ஓர் ஊரில் ஒரு டாலர், அடுத்த ஊரில் பத்து டாலர். அந்த வித்தியாசத்தில்தான் வியாபாரி பிழைத்தார்.

1970-ல் ராபர்ட் ஓவர்ஸ்ட்ரீட் தம் விலைக் கையேட்டின் முதல் பதிப்பைக் கொண்டுவந்தார். அதில் ஆக்‌ஷன் முதல் இதழுக்கு 300 டாலர் போட்டிருந்தது. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்ட அந்தக் கையேடு, விலை தெரியாதவர் என்ற இனத்தையே மெல்ல மெல்ல ஒழித்தது. ஆனால் முழுவதும் அல்ல. ஒவ்வோர் இதழுக்கும் நிலைமைக்கு ஏற்ப மூன்று விலைகள் இருந்தன: சுமார், நன்று, புதியதுபோல். விலையைப் பற்றிய சண்டை முடிந்து நிலைமையைப் பற்றிய சண்டை தொடங்கியது. வாங்கும்போது ‘சுமார்’ என்று முகம் சுளித்த வியாபாரி விற்கும்போது அதே இதழை ‘நன்று’ என்று தடவிக்கொடுப்பார். பழைய பொருள் விற்கும் எந்தச் சந்தையிலும் காணக்கூடிய கலைதான் இது.

இடைவெளி எவ்வளவு பெரிதாக இருக்க முடியும் என்பதற்கு உச்ச உதாரணம் 1977-ல் டென்வரில் நடந்தது. எட்கர் சர்ச் என்ற விளம்பர ஓவியர் பல ஆண்டுகளாகக் கடையிலிருந்து புதிதாக வாங்கி அடுக்கிவைத்த காமிக்ஸ்கள், பதினெட்டாயிரத்திலிருந்து இருபத்திரண்டாயிரம் வரை என்று சொல்கிறார்கள், அவர் வீட்டில் கிடந்தன. முதியவர் நோயுற்றிருந்தார், குடும்பம் வீட்டைக் காலிசெய்துகொண்டிருந்தது. இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த சக் ரொசான்ஸ்கி, மைல் ஹை காமிக்ஸ் கடைக்காரர், மிகச் சொற்பமான தொகைக்கு மொத்தத்தையும் வாங்கினார். டென்வரின் வறண்ட காற்றும், இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கமாக அடுக்கியிருந்ததும் சேர்ந்து நாற்பது ஆண்டுத் தாளை வெள்ளையாகவே வைத்திருந்தன. கையேட்டு விலையைப்போல் இரு மடங்கு கேட்டார் ரொசான்ஸ்கி. அன்று அது அநியாயமாகத் தெரிந்தது. இன்று அந்தத் தொகுப்பிலிருந்து வந்தது என்ற ஒரு சான்றே விலையை ஏற்றுகிறது.

இந்தக் கதையைத் தொழிலில் இருப்பவர்கள் புராணம்போலச் சொல்வார்கள். எனக்கு அதில் ஒரு நெருடல் எப்போதும் உண்டு. குப்பைக்குப் போகவிருந்ததைக் காப்பாற்றியவர் என்பதும் உண்மை. விற்ற குடும்பத்துக்குத் தாம் எதை விற்கிறோம் என்று தெரியாது என்பதும் உண்மை. பழம்பொருள் வணிகம் முழுவதும் இந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவில்தான் நிற்கிறது. கைம்பெண் ஒருவர் கணவரின் பெட்டிகளைத் திறந்து காட்டும்போது உள்ளே இருப்பதில் ஒன்று மட்டும் ஆயிரம் டாலர் என்பதைச் சொல்வதா வேண்டாமா? சட்டம் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. ஒரே ஊரில் இருபது ஆண்டுகள் கடை நடத்த நினைப்பவர் சொல்லிவிடுவார். ஊர் சின்னது, பேச்சு நீளம்.

*

கடைகள் பெருகியதற்கு ஒரு கணக்குமுறை மாற்றம் காரணம். அதுவரை காமிக்ஸ் செய்தித்தாள் கடைகளில் விற்றது. விற்காததன் அட்டையைக் கிழித்து அனுப்பினால் பணம் திரும்ப வரும், பிறகு அதுவும் வேண்டாம், இத்தனை விற்கவில்லை என்று எழுதிக்கொடுத்தாலே போதும் என்றானது. 1970-களின் தொடக்கத்தில் ஃபில் சூலிங் என்ற புரூக்ளின் பள்ளி ஆசிரியர் பதிப்பாளர்களிடம் வேறொரு பேச்சு பேசினார்: கழிவு அதிகமாகக் கொடுங்கள், விற்காததைத் திருப்பித் தர மாட்டோம். காமிக்ஸ் கடை என்ற நிறுவனமே இந்த ஒப்பந்தத்தின்மேல் எழுந்தது. விற்காதது கடைக்காரரின் தலையில் விழுந்தது. அவர் அதைப் பெட்டியில் அடுக்கி, பழைய இதழ் என்று பெயரிட்டு, விலையைக் கூட்டி வைத்தார். இன்றும் அமெரிக்கக் காமிக்ஸ் கடையின் பின்பக்கத்தில் வரிசையாக நிற்கும் நீளப் பெட்டிகளில் பாதி ஒரு காலத்தில் ஏமாந்துபோன எதிர்பார்ப்புகள்தான்.

1990-களில் அந்த எதிர்பார்ப்பு வெறியானது. பழைய சூப்பர்மேன் ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்ற செய்தி பரவியதும் புதிய முதல் இதழ்களை ஐந்து, பத்து என்று வாங்கிப் பிளாஸ்டிக் உறையில் போட்டுவைக்கத் தொடங்கினார்கள். பதிப்பாளர்களும் அதற்குத் தீனி போட்டார்கள். 1991-ல் மார்வெல் வெளியிட்ட ‘எக்ஸ்-மென்’ முதல் இதழ் ஐந்து அட்டைகளோடு எண்பது லட்சம் பிரதிகளைத் தாண்டியது. கின்னஸ் புத்தகத்தில் அதிகம் விற்ற காமிக்ஸ் இதழாக இடம்பெற்றது. அத்தனை வாசகர்கள் நாட்டில் இல்லை. ஒரே ஆள் ஐந்து அட்டையையும் வாங்கினார், கடைக்காரரும் பெட்டி பெட்டியாகப் பதுக்கினார். 1992 நவம்பரில் சூப்பர்மேன் செத்தார். அதைச் சொன்ன ‘சூப்பர்மேன்’ 75-ஆம் இதழ் கறுப்பு உறையில், கையில் கட்டிக்கொள்ளும் துக்கப் பட்டையோடு வந்தது. கடை வாசல்களில் வரிசை நின்றது. சில மாதங்களில் அவர் திரும்பி வந்துவிட்டார், உறை பிரிக்காத பிரதிகள் மட்டும் வீடுகளில் தங்கின. முப்பது ஆண்டுகள் கழித்தும் அவற்றை மலிவாகவே வாங்கலாம். வெறி அடங்கியபோது நாட்டின் காமிக்ஸ் கடைகளில் பாதிக்கும் மேல் மூடப்பட்டதாகப் பொதுவாகச் சொல்கிறார்கள். 1996 டிசம்பரில் மார்வெல்லே திவால் மனு கொடுத்தது.

அதே காலத்தை ஒட்டி உண்மையிலேயே விலையேறியவை எவை என்று பார்த்தால் பாடம் தெளிவாகும். 1984-ல் இரண்டு இளைஞர்கள் கடன் வாங்கிச் சுமார் 3,000 பிரதிகள் மட்டும் அச்சிட்ட ‘டீனேஜ் மியூட்டன்ட் நின்ஜா டர்ட்டில்ஸ்’ முதல் இதழ் ஒன்று. 2003-ல் ஏழாயிரத்துச் சொச்சம் பிரதிகளோடு கறுப்பு வெள்ளையில் வந்த ‘தி வாக்கிங் டெட்’ முதல் இதழ் இன்னொன்று. வெளியான அன்று இவற்றைச் சொத்து என்று யாரும் நினைக்கவில்லை. சேமிப்பதற்காகவே அச்சிட்டுத் தரும் ‘சேகரிப்போர் பதிப்பு’ சேகரிப்போருக்கு ஆவதில்லை.

1995-ல் ஈபே வந்தது. ஓர் ஊர்ப் பெட்டிக்குள் அரிதாகத் தெரிந்த இதழ், நாடு முழுவதும் எத்தனை பேரிடம் இருக்கிறது என்பது ஒரே திரையில் தெரிந்துவிட்டது. ‘விற்று முடிந்தவை’ என்ற பட்டியலைத் திறந்தால் கேட்ட விலை அல்ல, கொடுத்த விலை கண்ணுக்குத் தெரியும். கையேட்டில் ஆண்டுக்கு ஒரு முறை வரும் அறிவு, இங்கே மணிக்கு ஒரு முறை வந்தது. விளைவு ஒரே திசையில் போகவில்லை: சாதாரண இதழ்களின் விலை சரிந்தது, நிஜமாகவே அரிதானவற்றின் விலை, எல்லா ஊர்ப் பணமும் ஒரே இடத்தில் குவிந்ததால், ஏறியது. நடுவில் இருந்த வியாபாரிக்கு விலைத்தகவல் என்ற சரக்கு கையை விட்டுப் போனது.

மிஞ்சியிருந்தது நிலைமை பற்றிய தீர்ப்பு. 2000-ல் தொடங்கிய சி.ஜி.சி. என்ற தரச்சான்று நிறுவனம் அதையும் எடுத்துக்கொண்டது. இதழை அனுப்பினால் பக்கங்களை எண்ணுவார்கள். வண்ணம் பூசியிருக்கிறதா, தாள் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அரையிலிருந்து பத்து வரை ஓர் எண் கொடுத்து, கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் முத்திரையிட்டுத் திருப்பி அனுப்புவார்கள். நீலச் சீட்டு என்றால் கைவைக்காதது, ஊதாச் சீட்டு என்றால் செப்பனிட்டது. பெட்டிக்குள் போன இதழை இனி யாரும் படிக்க முடியாது. படிப்பதற்கென்று பிறந்த ஒரு பொருள் படிக்க முடியாத நிலையில்தான் உச்ச விலை பெறுகிறது என்பதைச் சேகரிப்பாளர்கள் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

இந்தச் சான்றுதான் தொழிலுக்குள் வெளியாரின் பெரும்பணத்தைக் கொண்டுவந்தது. இதழைக் கண்ணால் பார்க்காமலே எண்ணை நம்பி வாங்கலாம் என்றானபின், 2010-ல் ஆக்‌ஷன் முதல் இதழ் பத்து லட்சம் டாலரைத் தொட்டது. நடிகர் நிக்கோலஸ் கேஜிடமிருந்து 2000-ல் திருடுபோய் 2011-ல் ஒரு வாடகைக் கிடங்கில் கிடைத்த பிரதி அதே ஆண்டு 21 லட்சம் டாலருக்கு மேல் விற்றது. 2024-ல் இன்னொரு பிரதி 60 லட்சம் டாலர். பத்துக்கு 9.8 வாங்கிய இதழுக்கும் 9.6 வாங்கியதற்கும் உள்ள வேற்றுமை பலருக்குக் கண்ணில் படாது. விலையில் அது இரண்டு மடங்காகக்கூட இருக்கும். அதனால் இதழை வெப்பமும் ஈரமும் கொடுத்து அழுத்தி, மடிப்பு நீக்கி, எண்ணைக் கால் அரை ஏற்றித் தரும் தனித் தொழிலே உருவானது. ஹாலிங்கர் கான்கார்டியாவில் செய்த அழுத்தல்தான்; நாடா மட்டும் இல்லை.

எண்ணே பொருளாகிவிட்ட இடத்தில் எண்ணைத் திருடுவதும் வந்து சேரும். 2023-ன் கடைசியில், முத்திரைப் பெட்டியைப் பிரித்து உள்ளே தாழ்ந்த பிரதியை வைத்து மூடும் மோசடி ஒன்றைச் சேகரிப்பாளர்களே கண்டுபிடித்தார்கள். அடுத்த மாதங்களில் சந்தேகத்துக்குரிய சான்றெண்களின் பட்டியலை நிறுவனம் வெளியிட வேண்டியிருந்தது. எத்தனை பிரதிகள் எந்தத் தரத்தில் சான்று பெற்றிருக்கின்றன என்ற கணக்கையும் சி.ஜி.சி. பொதுவில் வைக்கிறது. ‘இது கிடைக்கவே கிடைக்காது’ என்று வியாபாரி சொல்லும்போது வாடிக்கையாளர் கைபேசியை எடுத்து, இதே தரத்தில் எத்தனை ஆயிரம் இருக்கின்றன என்று காட்டிவிடலாம்.

*

சரி, இன்று சின்ன முதலோடு ஒருவர் இறங்கினால் அவருக்கு என்ன மிச்சம்? பெட்டிக்குள் போகாத இதழ்களைக் கண்ணால் அளக்கும் பழக்கம் இன்னும் மிச்சம். முதுகோரத்தில் மயிரிழைபோல் விழும் வெள்ளைக் கோடுகள், துருவேறிய பின், பின்னைச் சுற்றிப் பரவிய கறை, வெட்டுவிளிம்பில் அட்டை உதிர்ந்த சில்லுகள், வேறு பிரதியிலிருந்து எடுத்துச் சொருகிய நடுப்பக்கம், கறுப்பு மையால் தொட்டு மறைத்த உதிர்வு. இதெல்லாம் கைப்பழக்கத்தில் வருவது. பக்கங்களைப் புரட்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது என்பதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம், 1974 நவம்பர் தேதியிட்ட ‘இன்கிரெடிபிள் ஹல்க்’ 181. வுல்வரின் என்ற பாத்திரம் முழுமையாகத் தோன்றிய முதல் இதழ். அந்த ஆண்டுகளில் மார்வெல் இதழ்களின் உட்பக்கத்தில் முத்திரை அளவுக்கு ஒரு சின்னப் படம் அச்சிட்டு, வெட்டி ஓர் ஏட்டில் ஒட்டச் சொன்னார்கள். பிள்ளைகளும் கீழ்ப்படிந்து கத்தரியை எடுத்தார்கள். அட்டை பளபளவென்றிருக்கும், உள்ளே அந்தக் கட்டம் இல்லையென்றால் விலை பாதிக்கும் கீழே போய்விடும். இணையத்தில் அட்டைப் படத்தை மட்டும் பார்த்து வாங்குபவருக்கு இது தெரிய வழியில்லை.

இன்னொரு நுணுக்கம் பட்டைக்கோடு. 1970-களின் கடைசியிலிருந்து மார்வெல் ஒரே இதழை இரண்டு வகையில் அச்சிட்டது: செய்தித்தாள் கடைக்குப் போவதன் அட்டைக் கட்டத்தில் பட்டைக்கோடு, காமிக்ஸ் கடைக்குப் போவதில் அந்த இடத்தில் ஸ்பைடர்மேன் தலைபோல் ஏதாவது ஒரு சின்னப் படம். 1980-களின் பின்பாதியில் செய்தித்தாள் கடை விற்பனை வற்றிக்கொண்டே போனதால், பட்டைக்கோட்டுப் பிரதிகள், அதிலும் கசங்காதவை, குறைவு. இதைச் சிலர் பெரிதாக மதிக்கிறார்கள், சிலர் பொருட்படுத்துவதில்லை. விலைப் பட்டியல்கள் இன்னும் முழுதாக விழுங்காத இம்மாதிரி மூலைகளில்தான் பழைய இடைவெளி கொஞ்சம் உயிரோடிருக்கிறது.

மற்றது உழைப்பு. அதையும் கணக்காகவே பார்த்துவிடலாம். ஒருவர் 1980, 90-களின் ஆயிரம் இதழ்களை 400 டாலருக்கு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். இதழுக்கு 40 சென்ட். நான்கைந்து நீளப் பெட்டிகள். விற்றவர் கையேட்டைப் பார்த்து நாலாயிரம் டாலர் எதிர்பார்த்திருப்பார். இந்தத் தொழிலின் முதல் கசப்பு அங்கேதான்: பட்டியல் விலையில் பத்து, இருபது சதவீதத்துக்கு மேல் சாதாரண இதழ்களுக்கு யாரும் கொடுப்பதில்லை, எல்லோரும் தேடும் முக்கிய இதழ்களுக்குத்தான் பாதிக்கு மேல் போவார்கள். காரணம் விற்கும்போது தெரியும். நாலு டாலருக்கு ஓர் இதழ் விற்றால் இணையச் சந்தையின் கழிவும் ஆர்டருக்கு ஒரு சில்லறைக் கட்டணமும் சேர்ந்து ஒரு டாலர் போகும். உறை, பின்னால் வைக்கும் அமிலமில்லா அட்டை இவற்றுக்குக் கால் டாலர், வளையாமல் அனுப்பும் பொதிக்கு முக்கால் டாலர். கொள்முதல் 40 சென்ட். மிச்சம் ஒரு டாலர் அறுபது சென்ட். படம் எடுக்க, குறை எழுத, கட்ட, அஞ்சலில் சேர்க்க ஓர் இதழுக்குக் கால் மணி நேரம் என்றால் மணிக்கு ஆறு டாலர் நாற்பது சென்ட். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின் குறைந்தபட்சக் கூலி 2009-லிருந்து 7 டாலர் 25 சென்ட். பக்கத்து உணவகத்தில் தட்டு கழுவினால் அதைவிட அதிகம் கிடைக்கும்.

அறுபது டாலர் இதழுக்கும் அதே கால் மணி நேரம்தான். இருபத்தைந்துக்கு வாங்கி, கழிவும் பொதிச் செலவுமாகப் பதினொன்று போனால், இருபத்து நாலு நிற்கிறது. ஆகையால் சிறு வியாபாரி பிழைப்பது உச்சத்திலும் இல்லை, அடியிலும் இல்லை. இருபது டாலரிலிருந்து இருநூறு டாலர் வரையுள்ள நடுவில். உச்சத்துக்கு அவர் முதல் போதாது. அடியில் இருப்பதை ஒவ்வொன்றாக விற்காமல், தொடர் இதழ்களாக முப்பது நாற்பது சேர்த்து ஒரே கட்டாக, அல்லது கண்காட்சியில் ஒரு டாலர் பெட்டியாகக் கொட்டிவிடுகிறார். ஒரு தொகுப்பு வாங்கும்போது அனுபவசாலி மொத்தத்தையும் எண்ணமாட்டார். போட்ட பணத்தைத் திரும்ப எடுக்கும் பத்துப் பதினைந்து இதழ்கள் உள்ளே இருக்கின்றனவா என்று மட்டும் பார்ப்பார். இருந்தால், மற்றதெல்லாம் சுமை கூலிக்கு வந்த சரக்கு. வாங்கும்போதே லாபம் என்று நம் ஊர்ச் செட்டிகள் சொல்வது இதைத்தான்.

சான்றுக்கு அனுப்புவதும் இதே கணக்கில்தான் வரும். போக்குவரத்தும் கட்டணமும் சேர்த்தால் சாதாரண இதழின் விலையையே தின்றுவிடும். வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் பணம் முடங்கும். 9.8 வரும் என்று அனுப்பியது 9.4 வந்தால் கைக்காசு போகும். விலையுயர்ந்த பழைய இதழ்களுக்கும், சந்தேகத்தைத் தீர்க்க வேண்டியவற்றுக்கும்தான் அது பொருந்தும். ஆனாலும் புதிதாக வருபவர்கள் முதலில் செய்வது அதைத்தான்.

அஞ்சலில் ஒரு வினோதம் உண்டு. அமெரிக்க அஞ்சல் துறை புத்தகங்களுக்குத் தரும் சலுகைக் கட்டணம் காமிக்ஸ் இதழ்களுக்குச் செல்லாது. உள்ளே விளம்பரம் இருக்கிறது என்பது காரணம். 1970-களில் பத்திரிகைப் பக்கத்தை நிரப்பிய எக்ஸ்-ரே கண்ணாடி விளம்பரம் இன்றைய வியாபாரியின் தபால் செலவைக் கூட்டுகிறது. தெரியாமல் சலுகைக் கட்டணத்தில் அனுப்பினால் பொதி திறந்து பார்க்கப்பட்டு வாடிக்கையாளரிடம் மீதிப் பணம் கேட்கக்கூடும்.

மறுவிற்பனையே சட்டத்துக்கு உட்பட்டதா என்று யாரும் இப்போது கேட்பதில்லை. அந்த உரிமையும் ஒரு வழக்கில் வென்றதுதான். ஒரு நாவலில் ‘ஒரு டாலருக்குக் குறைத்து விற்கக் கூடாது’ என்று பதிப்பாளர் அச்சிட்டிருந்தார். மேசீஸ் பல்பொருள் அங்காடி 89 சென்டுக்கு விற்றது. 1908-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒரு முறை விற்றபின் பிரதியின்மேல் பதிப்பாளருக்கு விலை சொல்லும் அதிகாரம் இல்லை என்று தீர்ப்பளித்தது. பழைய புத்தகக் கடைகளும் காமிக்ஸ் பெட்டிகளும் அந்தத் தீர்ப்பின் நிழலில்தான் நிற்கின்றன.

திரைப்படங்களை நம்பிச் சரக்கு வாங்குவது இப்போதைய மோகம். மார்வெல்லை 2009-ல் டிஸ்னி வாங்கியதிலிருந்து, எந்தப் பாத்திரம் அடுத்த படத்தில் வரும் என்ற வதந்திக்கே அது முதலில் தோன்றிய இதழின் விலை துள்ளும். படம் வெளியாகும் வாரத்தில் பெரும்பாலும் இறங்கத் தொடங்கும், ஏனென்றால் வாங்க நினைத்தவர்கள் முன்பே வாங்கிவிட்டார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டில் அடைபட்டவர்களின் பணம் 2021 வரை இந்த விலைகளை ஊதியது. 2022-லிருந்து காற்று இறங்கியது. உச்சத்தில் கடன் வாங்கிச் சரக்கு அடுக்கியவர்கள் மாட்டிக்கொண்டார்கள். 1990-களின் கதை சிறிய அளவில் திரும்ப நடந்தது என்று சொல்வது மிகையாகாது.

இதைவிட மெதுவாக, ஆனால் நிச்சயமாக நடந்துகொண்டிருப்பது தலைமுறை மாற்றம். 1960-களில் பையில் பத்துப் பன்னிரண்டு சென்ட்டோடு கடைக்குப் போன பிள்ளைகள் இப்போது அறுபது, எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களின் தொகுப்புகள் வாரிசுகள் வழியாகச் சந்தைக்கு வருகின்றன. சூப்பர்மேன் முதல் இதழுக்கு எந்தக் காலத்திலும் ஆள் இருக்கும். ஆனால் அவர்கள் சின்ன வயதில் நேசித்த கவ்பாய் காமிக்ஸுக்கும், அன்றைய தொலைக்காட்சித் தொடர்களைத் தழுவி வந்த இதழ்களுக்கும் ஏக்கத்தோடு பணம் கொடுப்பவர்கள் அவர்களேதான். விற்பவரும் வாங்குபவரும் ஒரே தலைமுறையாக இருக்கும் சரக்கில் கைவைக்கப் பழைய வியாபாரிகள் தயங்குகிறார்கள். 1980, 90-களின் குழந்தைகள் இப்போது முப்பது, நாற்பதைத் தாண்டிவிட்டார்கள். கையில் காசு இருக்கிறது. எந்தப் பெட்டியை வாங்குவது என்று தீர்மானிக்கையில் வியாபாரிகள் உள்ளே இருப்பது என்ன என்பதோடு, அதை எட்டு வயதில் படித்தவருக்கு இன்று என்ன வயது என்பதையும் பார்க்கிறார்கள்.

தமிழில் இந்தக் கதை வேறொரு கட்டத்தில் நிற்கிறது. 1972-ல் பிரிட்டிஷ் கதையான இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய முத்து காமிக்ஸ், 1984-ல் வந்த லயன், ராணி காமிக்ஸ் ஆகியவற்றின் பழைய இதழ்களைத் தேடும் கூட்டம் சிறியது, விடாப்பிடியானது. இங்கும் அருமையை உண்டாக்கியது அலட்சியம்தான்: எடைக்குப் போட்டவை, வாடகை நூல்நிலையத்தில் கைமாறிக் கைமாறி அட்டை போனவை, அன்பு மிகுந்து பத்துப் பத்தாகச் சேர்த்து ஓரம் வெட்டிப் பைண்டிங் செய்தவை. சிவகாசித் தாளுக்கு நம் ஊர் வெயிலும் ஈரமும் கரையானும் வேறு. ஆனால் ஓவர்ஸ்ட்ரீட் போல ஆண்டுதோறும் வரும் விலைக் கையேடு இங்கே வேரூன்றவில்லை; நிலைமையை அளந்து எண் கொடுக்கும் நிறுவனமும் தமிழ் இதழ்களின் சந்தையில் வேர்விடவில்லை. விலை இன்னும் ஆளைப் பார்த்துத்தான் சொல்லப்படுகிறது. பிரதி முழுமையா, நடுப்பக்கம் இருக்கிறதா, அட்டை அசலா நகலா என்பதையெல்லாம் விற்பவரின் வாய்ச்சொல்லை நம்பியே முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. வியாபாரியின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது 1970-க்கு முந்தைய அமெரிக்கா. அந்த நிலைமையில் சம்பாதிப்பது எளிது, நம்பிக்கையைச் சம்பாதிப்பது கடினம். இங்கே முதல் பட்டியலைத் தொகுப்பவர் இரண்டு தரப்புக்கும் வேண்டாதவராகவே சில ஆண்டுகள் இருக்க வேண்டிவரும்.